பொரி கொடுத்த கையும் புதுப்பிக்காத ஒப்பந்தமும்

மதிப்பிற்குரிய தலைவர் நாச்சிமுத்து ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியோர்களே, ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக இங்கே வந்திருக்கும் அத்தைமார்களே, அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அகல்யா. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மல்லசமுத்திரம் சாலையில் உள்ள நூற்பாலையில் வேலை மறுக்கப்பட்ட ஐந்து பெண்களில் ஒருவரான ஜீவாவின் மகள். ஐவரின் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்றதும், "மைக்கைப் பார்த்தா எங்களுக்கு நாக்கே எழாது, நீ பேசு சாமி" என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள்.

நம் சங்கச் செயலாளர் கமலவேணி அம்மா மறைந்துவிட்டார். ஏன் இத்தனை சீக்கிரம்? அந்த இதயம் எத்தனை பேருடைய கவலையைத் தாங்கியிருக்கும்!

வார விடுமுறை கேட்டதற்காக இந்த ஐவரையும் ஆலை வெளியே நிறுத்தியது. கமலவேணி அம்மா தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். சமரசம் பேசினார்கள். ஐவரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றது நிர்வாகம். கையெழுத்துப் போடும் முன் கமலவேணி அம்மா ஒன்று கேட்டார்: "வருசாவருசம் ஒப்பந்தம் புதுப்பிக்கோணுமே, அடுத்த வருசம் எப்படிங்க?"

மேனேஜர் சிரித்தார். "ஏனுங்க அக்கா, ஆயுத பூசைக்கு எங்கையால பொரி வாங்குனவங்களை என்னைக்காச்சும் நிறுத்தியிருக்கேனா?"

அது உண்மைதான். பூசையன்று பொரி வாங்கியவருக்கு அடுத்த ஆண்டும் வேலை உண்டு என்பது அந்த ஆலையின் வழக்கம். கமலவேணி அம்மா நம்பினார். ஐவரும் வேலைக்குத் திரும்பினார்கள், பூசைக்குப் போய்ப் பொரியும் வாங்கினார்கள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. ஐவருக்கு மட்டும் புதுப்பிக்கவில்லை!

"திரும்ப எடுத்துக்கிறோம்னோம், எடுத்துக்கிட்டோம். யாரையும் நீக்கலையே, ஒப்பந்தம் தானா முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

சொன்ன சொல் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. ஆனால் முழுவதும் பொய்! இப்படியும் ஒரு பொய் இருக்க முடியுமா என்று நான் பல நாள் யோசித்தேன்.

கமலவேணி அம்மா ஐவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஏமாந்தது நீங்க இல்லீங்க அம்மிணி, நான். அதையும் எழுதி வாங்கியிருக்கோணும்" என்றார். தவறை இப்படி நேராகச் சொன்ன தலைவரை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

அதோடு நிற்கவில்லை. ஆலைக்கே போனார். கூடப் போன என் அம்மா சொன்னது இது.

"பொரி சாமிக்கு வெச்சதுங்க. அதுல என்ன ஒப்பந்தம்?" என்றாராம் மேனேஜர்.

"அப்படீங்களா? முந்தின வருசம் பொரி வாங்கிட்டு வேற மில்லுக்குப் போன சௌமியாளை, 'பொரியத் தின்னுபோட்டு ஓடறியே, உனக்கே நல்லாருக்கா'ன்னு கேட்டு, கடைசிச் சம்பளத்தையும் நிறுத்துனீங்களே, அது எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டாராம் கமலவேணி அம்மா.

நண்பர்களே, இதைத்தான் நான் புரிந்துகொண்டேன். வழக்கம் தொழிலாளியை மட்டும் கட்டும், முதலாளியைக் கட்டாது என்றால் அதற்குப் பெயர் வழக்கமா? கமலவேணி அம்மா மறுபடி புகார் கொடுத்தார். அந்த வழக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லச் சௌமியா அக்காவையும் சம்மதிக்கவைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. அதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே என் அம்மாவுக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க. இனி யாரு உங்களைக் கூட்டிக்கிட்டு அலையறது? உங்களுக்கு மட்டும் சொல்றேன். புகார் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்கு வாங்க."

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. நேற்று துக்க வீட்டில், ஐவரில் ஒருவரான சுப்பம்மாள் அத்தைதான் வாயைத் திறந்தார்: "எனக்கு மட்டும்னு ஒரு போன் வந்துச்சு." அருகிலிருந்த தேவிப்ரியா அக்கா, "எனக்கும் மட்டுந்தானுங்க!" என்றார். ஐந்து பேருக்குமே மட்டும்! அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஒரு ஆளு அஞ்சு பொண்ணு பாக்கற மாதிரியல்ல இருக்குது" என்றார் அத்தை.

நான்கு பேர் விசாரணைக்குப் போவதென்று அங்கேயே முடிவு செய்தார்கள். ஒருவர் மட்டும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள். வேலையில்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஒருவர் என் அம்மா. அவர் தயங்குவது என் படிப்புக்காக.

கமலவேணி அம்மாவின் படத்துக்கு முன்னால் சபையோர் எல்லோரும் உறுதி எடுக்கப்போகிறீர்கள். தனித்தனியாக எவரும் கையெழுத்திடுவதில்லை, வாய்ச்சொல்லை எழுத்தில் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று. நானும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை, மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு.

அம்மா, எனக்காகத் தனியாப் போய்க் கையெழுத்துப் போடாத. செவ்வாக்கிழமை அவங்களோட பஸ் ஏறு. சோறு நானே ஆக்கிக்கறேன்.