ஒரு தடவைதான் சொல்வேன்

மேடையில் இருக்கிற இயக்குநர் ஐயாவுக்கும், டாக்டர்களுக்கும், முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்கும், என்னை மாதிரியே இங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிற சொந்தங்களுக்கும் வணக்கம். எனக்கு நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. இந்த ஆஸ்பத்திரியின் மூணாவது மாடியைக் கூட்டித் துடைக்கிறவள் நான். தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை காலை நம்ம டாக்டரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஐயோ, அவரா போகவேண்டியவர்!

எனக்கு என்ன வியாதி என்று முதலில் கண்டுபிடித்தது அவர்தான். என் கையைப் பார்த்து, "ஏம்மா, இது தரை துடைக்கிற கையா, தீயில வெந்த கையா?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவுவேன். என் கையில் இருக்கிற கிருமி என் பொண்ணைக் கொன்றுவிடும் என்று பயம். அவள் பக்கத்தில் வந்தால், "தொடாதேடி!" என்று கத்துவேன். இரண்டு வருஷம் பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருந்தவள் நான். இது பைத்தியம் என்று ஊரே சொன்னது. இது நோய், தீரும் என்று சொன்னவர் யார்? அவர் ஒருவர்தானே!

செல்போனிலேயே வைத்தியம் பார்க்கிற ஆராய்ச்சி அவருடையது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால், தன் குரலிலேயே எல்லாவற்றையும் பேசிப் பதிவு பண்ணினார். "பயம் எத்தனை? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க. இப்போ கதவுக் கைப்பிடியைத் தொடுங்க. கழுவாதீங்க. பயம் ஏறும், ஏறட்டும். தானா இறங்கும்." கடைசியில், "ஒண்ணும் ஆகாது" என்பார். அதைத் திரும்பக் கேட்க ஒரு பொத்தானும் இருந்தது.

நான் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். கழுவுவதை விட்டேன், அமுக்குவதை விடவில்லை. பத்தாம் நாள் கூப்பிட்டார். "நேத்து ஒரே நாள்ல முந்நூத்திப் பன்னிரண்டு தடவை என் குரலைக் கேட்டிருக்கீங்க. என் வீட்டுக்காரர்கூட என் பேச்சை இவ்வளவு கேட்டதில்லம்மா!" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "தப்பு என்னோடது. சோப்பைப் பிடுங்கிட்டு, அதுக்குப் பதிலா என் குரலைக் கையில கொடுத்துட்டேன்." தன் தப்பைத் தன் ஆராய்ச்சியிலேயே எழுதி வைத்தார். எத்தனை பெரியவர்களுக்கு இந்த மனசு வரும்?

பொத்தானை எடுத்துவிட்டார். "ஒண்ணும் ஆகாது" என்பதையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில், "ஒரு தடவைதான் சொல்வேன். அப்புறம் நீங்களே இருங்க" என்று பேசி வைத்தார். கல் நெஞ்சுக்காரி என்று அவர் முகத்துக்கு நேராகவே திட்டினேன். "திட்டுங்க, ஆனா கழுவாதீங்க" என்றார். ஒன்பதாவது வாரம் என் பொண்ணுக்கு இந்தக் கையால் தலை வாரிச் சடை பின்னினேன்.

அந்த ஆராய்ச்சியை இந்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்களாம். நாற்பத்தொரு பேர் பாதியில் நிற்கிறோமே, ஐயா! பாதி ஆற்றில் படகைக் கவிழ்க்கலாமா? வியாழக்கிழமையிலிருந்து நானே மூணு சோப்பைக் கரைத்துவிட்டேன். பாருங்கள், கை மறுபடி வெடித்துவிட்டது.

எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு அவர் ஒரு தடவை சொல்லியாச்சு. இன்னும் எத்தனையோ அம்மாக்கள் குழாயடியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் குரல் ஒரே ஒரு தடவை கேட்கவேண்டாமா? நிறுத்தாதீர்கள் ஐயா. உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

என்னோடு பாதியில் நிற்கிற மீதி நாற்பது பேருக்கும் நான் ஒன்று சொல்கிறேன். தாங்கமுடியாத நேரம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். வேலை முடித்து வந்து பக்கத்தில் உட்காருவேன். ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லமாட்டேன். டாக்டரம்மா திட்டுவார்.

உள்ளே வரும்போது நீங்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதீர்கள். குழாய் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பேசும்போதே நாலு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன்.

பயம் பத்து, டாக்டரம்மா. பத்துக்கு மேல் இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். வீட்டில் பொண்ணு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். இந்தக் கையோடுதான் போகிறேன்.