இடைவேளை டாக்டர்

வெள்ளைக் கோட்டு எனக்கு நல்ல எடுப்பாக இருக்கும், சார். டாக்டர் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. போட்டுக்கொண்டு நின்றேன், அவர்களே கூப்பிட்டார்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ‘தாம்பத்தியத்தில் தவிர்க்க வேண்டியவை’ என்ற படம் ஊர் ஊராகப் போனது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் குளிப்பாள், பிறகு அழுவாள். கல்விப் படம் என்று அதிகாரிகளை நம்பவைக்க, இடைவேளையில் ஒருவர் அறிவுரை சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். அதுவரை தையல் கடையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்களுக்குக் காலைக் காட்சி, பெண்களுக்கு மதியக் காட்சி. எனக்கோ கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் கேட்க வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனசு வருமா? கணவன் மனைவி தலைமாடு கால்மாடாகத்தான் படுக்க வேண்டும் என்றேன். வியாழக்கிழமை பேச்சே கூடாது என்றேன். கைதட்டினார்கள். ஒரு சின்ன ஊரில், சில வருஷம் கழித்து, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைகளே இல்லையாம். காரணம் நான்தான் என்று நிரூபிக்க முடியாது.

போன ஞாயிறு, ஒரு திரைப்படச் சங்கத்துப் பிள்ளைகள் மிச்சமிருந்த ஒரே பிரதியைத் தேடிப் பிடித்துத் திரையிட்டார்கள். என்னையும் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவேளையில் பழைய அறிவுரையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

ஒரு பெண் எழுந்து, “தாத்தா, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்காமலே சேர்ந்து இருக்கோம். எங்களுக்கும் வியாழக்கிழமை உண்டா?” என்றாள். பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து எழுந்தது என் மனைவி. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

“டாக்டர், முப்பத்தெட்டு வருஷமா இவர் பாதத்தைப் பாத்துத்தான் தூங்குறேன். இது எந்த வியாதிக்கு மருந்து?”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன். படம் ஓட்டும் ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். படத்தின் ஐந்து சுருளையும் மாடித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, துடைப்பக் கட்டையால் நிதானமாகக் கிளறினேன். வெளியே எடுத்தபோது படத்துப் பெண் குளித்த சுவடே இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். குடும்ப மானத்துக்காகச் செய்தேன். படம் நின்றுபோனதால் மனைவி மேடையேறி எங்கள் கல்யாண வாழ்க்கையைச் சொன்னாளாம், ஒன்றரை மணி நேரம். யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். எடுக்கட்டும். வயசான ஒருத்தி பேசுவதை யார் பார்க்கப் போகிறார்கள்? அதோ, உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார். அதுவும் மூன்றாவது தடவை.