பிழையாகச் செய்ய மறுத்தவனுக்காக ஒரு கையெழுத்து

இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பெருமதிப்புக்குரிய ஸைனுலாப்தீன் அவர்களே! மேடையை அணிசெய்யும் கைதிகள் நலன்புரிச் சங்கத்துப் பெரியோர்களே! கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் கடல் கடந்து வந்திருக்கும் வாப்பாமாரே, உம்மாமாரே! நிலாவெளியிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் வந்து, கதிரை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் தாய்மாரே, தம்பிமாரே! சல்லி ஊர்க் கரைவலைக்காரன் கதிரவேல் உங்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும் சொல்லி நிற்கிறேன்.

நான் மேடையேறியதும் முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இந்த மனிசனுக்கு என்ன விசரோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான்! என் இடது கையைப் பாருங்கள். மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. இதை முடித்தவன் சிறையில் இருக்கிறான். அவனைப் போன்றவர்களின் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை? சொல்கிறேன், பொறுங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு காலை. எங்கள் வலை கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மீன் சேரும் பையை நாங்கள் மடி என்போம். அந்த மடியைத் தாங்கிப் பிடித்தபடி நான் நீந்திவந்தேன். உள்ளே கீரிமீன் கறுத்துக் கிடந்தது. அவ்வழியே வள்ளத்தில் வந்தான் மூதூர் அபூதாஹிர். கறுப்பைக் கண்டான், கடலில் திரியும் மீன்கூட்டம் என்று கணக்குப் போட்டான். வலையைக் காணவில்லை, என் தலையைக் காணவில்லை. மீன் கொல்லக் களவாக வைத்திருந்த வெடியைக் கொளுத்தி எறிந்தான்!

ஒன்பது ஆண்டு என்றார் நீதிபதி. "ஒன்பது காணாது ஐயா!" என்று நீதிமன்ற வாசலில் நின்று கத்தியவன் நான்தான். அந்தக் கோபத்தோடுதான் மூன்றாம் ஆண்டு அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். அவன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரவேண்டும் என்று போனேன். அவனோ தச்சுப் பட்டறையில் நின்று வள்ளத்தின் பலகையை உள்ளிருந்து விலா எலும்பு போலத் தாங்கும் ஒரு வங்குக்கால் செதுக்கிக்கொண்டிருந்தான். அந்த வளைவைப் பார்த்தேன், எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பிடிச் செதுக்கினால் பலகை எப்பிடி ஒட்டும்?" என்று கேட்டுவிட்டேன். "அப்ப எப்பிடி அண்ணன்?" என்றான் அவன். அரை மணி நேரம் மரக்கதை கதைத்தோம். திட்டப் போனவன் திட்டாமலே திரும்பி வந்தேன். ஓம், ஓம், சிரியுங்கள்! என் மனைவி பூரணமும் அன்றைக்கு அப்படித்தான் சிரித்தாள்.

ஆனால் அன்பர்களே, அடுத்து நான் சொல்வது சிரிப்புக்குரியதல்ல.

போன மாதம் மறுபடி போனேன். பட்டறையில் அவனைக் காணவில்லை. பின்முற்றத்தில் தேங்காய் மட்டையைத் தட்டித் தும்பு அடித்துக்கொண்டிருந்தான். என்ன குற்றம் செய்தான்? சண்டை போட்டானா? சாமான் திருடினானா? இல்லை ஐயா, சோதனையில் தேறிவிட்டான்! மூன்று ஆண்டுப் பயிற்சியை முடித்துவிட்டான். முடித்தவன் அடுத்தவனுக்கு இடம் விடவேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. உளியை வாங்கி வைத்துவிட்டுத் தும்புத்தடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்னும் நான்கு ஆண்டு மிச்சம்!

சோதனைக்கு ஏழு பேர் இருந்தார்கள். பலகையோடு பலகை பொருத்திக் காட்டவேண்டும். ஐந்து பேர் வேண்டுமென்றே கோணலாக அறுத்தார்கள். தேறினால் தும்பு, தோற்றால் உளி! பட்டறையில் நிற்பதற்காகவே பிழை விட்டார்கள். திருந்து என்று சொல்லும் இடத்தில், திருந்தாதது போல நடித்தால்தான் வாழ்வு என்றால், அது என்ன நீதி? கற்றுக்கொள் என்று சொல்லும் இடத்தில், கல்லாதவன் போல நின்றால்தான் நன்மை என்றால், அது என்ன நெறி?

"நீ ஏன் மற்றவங்களப் போலச் செய்யேல்ல?" என்று அபூதாஹிரிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "செய்யத்தான் நினச்சன் அண்ணன். வாளத் தூக்கினாப் பொறகு, தெரிஞ்ச வேலயப் பிழயாச் செய்ய மனம் வரல்ல."

அவையோரே, அந்தச் சொல் என்னைத் தைத்துவிட்டது. நான் அவனை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். மன்னிக்கவில்லை. காலையில் சட்டைப் பொத்தானோடு ஒற்றைக் கையால் மல்லுக்கட்டும்போதெல்லாம் அவனைத் திட்டுகிறேன், இன்றைக்கும் திட்டினேன். என் மன்னிப்பு என் சொந்தக் காரியம். ஒழுங்காக உழைத்தவனுக்கு ஒரு வழி திறப்பது நம் எல்லோருடைய காரியம்!

ஆகவே இந்த மனுவில் நாம் கேட்பது ஒன்றே. பயிற்சியை முழுதாய் முடித்துத் தேறியவனுக்குத் தண்டனையில் மூன்றிலொரு பங்கைக் குறையுங்கள். அப்படிக் குறைத்த காலத்துக்கு அவன் நடத்தைக்கு ஊரில் ஒருவர் பொறுப்பு நிற்கட்டும். சும்மா விடச் சொல்லவில்லை, சலுகைக்காகக் கெஞ்சவில்லை. உழைத்த உழைப்பை ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்!

என்ன தம்பி முருகேசு, எழும்பி நிற்கிறீர்? சத்தமாகக் கேளும், எல்லோரும் கேட்கட்டும். "வெளியில வந்து திரும்பவும் வெடி எறிஞ்சால் ஆர் பொறுப்பு?" என்று கேட்கிறார். கேட்கவேண்டிய கேள்வி! தம்பி, முன்னுக்கு வந்து மனுவைப் பாரும். அபூதாஹிருக்குப் பொறுப்பு நிற்பவர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. கதிரவேல், சல்லி. இன்று மத்தியானம் எழுதினேன். பூரணத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

இன்னும் ஒருவருக்கு நான் பதில் சொல்லவேண்டும். காலையில் இறங்குதுறையில் ஒரு தாய் என்னை மறித்தார். "எண்ட புள்ள வந்தா, ஒங்கட கரையில எறங்க விடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். அவரை விலத்திக்கொண்டு நடந்துவிட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன். அவர் இப்போது கடைசி வரிசையில் முக்காட்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருக்கிறார்.

ஆமினா உம்மா! முகத்தைத் திறந்து கேளுங்கள், இந்த ஊரும் கேட்கட்டும். ஓம், உங்கள் மகன் அபூதாஹிர் சல்லிக் கரையில் இறங்கலாம். இறங்கும் நாளில் நான் அங்கே நிற்பேன். கட்டித் தழுவ நிற்கமாட்டேன், அது என்னால் இன்னும் ஏலாது. எங்கள் கரையில் மூன்று வள்ளம் வங்குக்கால் உடைந்து கிடக்கிறது. வேலையைக் காட்ட நிற்பேன்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு என் நன்றி. பேனை மேசையில் இருக்கிறது, எழுந்து வரப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.