டெல்லிக்காரன் தந்த மஜ்ஜை

பகவதியம்மாள்: ...அந்த பிளாஸ்க்க வெளிய வைலே தாணப்பா. அம்மைக்க வயலு முழுசையும் உன் பேருல எழுதிக்கிட்ட அன்னைக்கே, உன் வீட்டுத் தண்ணி தொட மாட்டேன்னு அம்மன் நடையில சொன்னவ நான்.

தாணப்பன்: சுக்குத் தண்ணிதான்க்கா. ஆசுத்திரியிலேருந்து வந்த உடம்பு...

பகவதியம்மாள்: இந்த உடம்புக்கு எலும்பு மஜ்ஜை தந்தது பேரு தெரியாத ஒரு டெல்லிக்காரன். கூடப் பொறந்தவன் இப்பதான் சுக்கோட வாறான்.

தாணப்பன்: சரி, ஏசிக்கோ. ரத்தத்துல என்னமோ வைரஸுன்னு லட்சுமிப்ரியா சொன்னாளே?

பகவதியம்மாள்: என் மக எல்லாத்தையும் உன்கிட்ட ஓதிருவாளே. நாளைக்கு மருந்து ஏத்தணுமாம். அந்த மருந்து புது மஜ்ஜையையே கெடுத்தாலும் கெடுத்திருமாம்.

தாணப்பன்: ஏத்த வேண்டாம். அது இப்ப தொத்தினது இல்ல. மஜ்ஜை தந்தவனுக்குப் பொறவியிலேயே உள்ளது.

பகவதியம்மாள்: ஏன், டெல்லிக்காரன் உனக்குப் போன் போட்டானோ?

தாணப்பன்: கேளுக்கா... என்னைக்கோ ஒரு பூட்டனுக்கு வந்த வைரஸு, தன் டி.என்.ஏ.வ அவன் குரோமசோம் நுனியில கோத்து வச்சிரும். பெறவு செல்லு இரட்டிக்கும்போதெல்லாம், நம்ம எழுத்துதான்னு நெனச்சு அதையும் சேத்து எழுதிக்கிட்டே இருக்கும்.

பகவதியம்மாள்: தங்க வந்தவன் பட்டாவுல பேரச் சேத்தாப்புல. இது உனக்கு வெளங்காம பின்ன ஆருக்கு வெளங்கும்?

தாணப்பன்: அக்கா...

பகவதியம்மாள்: சொல்லு, அது மக்கள்வழியா, மருமக்கள்வழியா? நம்ம பழைய சொத்து மாதிரி மாமன்ட்டேருந்து மருமவனுக்குப் போவுமோ?

தாணப்பன்: மக்கள்வழிதான். ஆணு பெண்ணு பாக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்தாலும் வரும், வராட்டாலும் வராது.

பகவதியம்மாள்: ஒரு வைரஸுக்கு உள்ள நியாயம் உனக்கு இல்லாமப் போச்சே. வயலு உனக்கு மட்டும்லா வந்துது.

தாணப்பன்: இதுவும் எனக்கு மட்டும்தான் வந்துது. அம்மைட்டேருந்து உனக்கு வராததுனாலதான்...

பகவதியம்மாள்: ஏன் நிறுத்திட்ட?

தாணப்பன்: நான் பிளாஸ்க்க வெளிய வச்சிட்டு வாறேன்க்கா.

பகவதியம்மாள்: வாயத் தொறந்து சொல்லுலே.

தாணப்பன்: என் ரத்தத்தயும் பாத்தாச்சு. டாக்டர்ட்ட ரிசல்ட்டு குடுத்தாச்சு. மஜ்ஜை தந்தது நாந்தான்னு முன்னயே சொன்னா வேண்டாம்னிருப்ப. செத்தும் போயிருப்ப.

பகவதியம்மாள்: பின்ன, மஜ்ஜை ஏத்தின அன்னைக்கு அடுத்த ரூம்புல கெடந்து இருமினது டெல்லிக்காரனா? தொட்டில்லேருந்து கேக்குத இருமலுல்லா. தெரிஞ்சுதான் வாங்கினேன். அந்த பிளாஸ்க்கத் தொற. உடம்பு பூரா உன் வைரஸு ஓடுது... இனி தண்ணிக்கு என்ன பெரிய ரோசம்?