கயிறு பிடித்தவனின் ஓட்டு

டீயில் கடைக்காரன் சீனியை அள்ளிக் கொட்டியிருக்கிறான். உடன்குடிக் கருப்பட்டி என்றால் நானும் குடிப்பேன். பரவாயில்லை, வையுங்கள் அய்யா. எழுதுகிற ஏட்டையாவைப் பைய எழுதச் சொல்லுங்கள். நான் புகார் கொடுக்க வந்தவன்.

தொண்ணூற்றாறில் எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றேன். எனக்குப் பூட்டுச் சின்னம், எதிர்த்து நின்ற பலவேசத்துக்கு ஏணி. ஊர் பூரா எனக்குப் போடுவதாகத்தான் சொன்னது. பெட்டி அம்பாசமுத்திரத்துக்கு லாரியில் போனது. அங்கே ஏணி ஜெயித்துவிட்டது என்றார்கள். வழியில் என்ன நடந்ததோ, யார் கண்டது?

பலவேசம் வெடி போட்டுக்கொண்டு வந்து, என் வாசல் கதவில் ஒரு துருப்பிடித்த பூட்டைத் தொங்கவிட்டான். "உம்ம சின்னத்த நீரே வச்சுக்கிடும் வே." நான் அதைக் கழற்றவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

வக்கீலிடம் போனேன்.

"மறுதேர்தலா? கேசு முடியதுக்குள்ள அடுத்த எலெக்சனே வந்துரும் அண்ணாச்சி."

"வேற வழியே கெடையாதா?"

"ஜெயிச்சவரு செத்தா உண்டு. சீக்கிரம் நடத்திருவான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

பிசான நெல் சாகுபடிக்குக் குளத்தில் தண்ணீர் திறக்கிற அன்று, புதுத் தலைவர் இடுப்பில் கயிறு கட்டி முழுகி, அடியில் இருக்கிற மடைக்கட்டையைத் தன் கையால் பிடுங்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம். கட்டை வந்ததும் தண்ணீர் ஆளை மடைக்குள் இழுக்கும். அவர் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பது எங்கள் வீட்டுப் பாத்தியதை.

பலவேசம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, "தோத்த கோவத்துல கயித்த விட்டுருவீரோ?" என்றான். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முகம் எனக்கு மறக்காது.

"முங்குலே" என்றேன்.

சுண்டினான். நல்ல பலமாகத்தான் சுண்டினான். கரையில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. நான் இழுக்கவில்லை. சுண்டுவது நின்ற பிறகு கயிற்றை விட்டேன்.

வழுக்கிவிட்டது என்றேன். ஊர் நம்பியது. அன்று சாயங்காலம் வாசல் பூட்டைக் கழற்றினேன். வீட்டுக்காரி கோமு என் கையை விரித்துப் பார்த்தாள். வழுக்கி ஓடுகிற கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். என் கையில் ஒரு கீறல் இல்லை. ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். நல்ல பொம்பளை.

வக்கீல் சொன்னபடி தேர்தல் வந்தது. எனக்கு மறுபடியும் பூட்டுதான். எதிர்த்து நின்றது பலவேசத்தின் பெண்டாட்டி இசக்கியம்மாள். அழுதுகொண்டே ஓட்டுக் கேட்டாள், ஜெயித்துவிட்டாள். அதுகூடப் போகட்டும். எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு அய்யா. அது நான் போட்டது. வீட்டில் கோமு இருக்கிறாள், ரெண்டு மகன்கள், மருமகள்கள் இருக்கிறார்கள். பெட்டியில் கை வைக்காமல் ஒரு ஓட்டு எப்படி வரும்? இவ்வளவு பாடுபட்டு ஒரு தேர்தல் கொண்டுவந்தேன். அதையும் திருடிவிட்டார்கள்.

அதை முதலில் எழுதுங்கள். பலவேசம் விசயம் பின்னால் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் கோமுவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பூட்டில்தான் குத்தினேன் என்று அவளே சொல்லுவாள்.