நடுங்கிய கோடு

பேனாவை முனைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி டீச்சர். ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்ததுமே என் கோடு பாதி திருந்திவிட்டது. மீதிப் பாதி எப்படித் திருந்தியது என்று கேட்கிறீர்கள். என் மனைவி இங்கே விட்டுப்போன நோட்டையும், அதே பக்கங்களை வகுப்பில் அன்றன்றைக்கு நீங்கள் செல்போனில் எடுத்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது மழுப்புவது மரியாதையில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் படம் வரையக் கிளம்பியவன் நான். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துக்கு மட்டும். முதல் நாள் இரண்டு புள்ளிகளை இணைக்கச் சொன்னீர்கள். என் கோடு சரியான இடத்தில்தான் புறப்பட்டது, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. நீங்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு வருத்தமில்லை. ஊருக்கு நான் "ஊசி நர்ஸ் வீட்டுக்காரர்". இங்கே மட்டும்தான் என் தப்பாவது என் பேரில் இருந்தது.

மூன்றாவது வாரம் அவளும் துணைக்கு வருகிறேன் என்றாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருஷம். பிறந்து மூன்று நாளான சிசுவின் நரம்பை முதல் குத்திலேயே பிடிக்கிற கை. அதற்குக் கோடெல்லாம் ஒரு பொருட்டா? "இவங்க கையைப் பாருங்க" என்று வகுப்புக்கே காட்டினீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. காட்ட வேண்டிய கைதான்.

காலை ஷிஃப்டுக்கு அவள் போனதும் சமையலறை மேசையில் அவள் நோட்டைத் திறந்து பார்ப்பேன், கற்றுக்கொள்ளத்தான். ஒரு நாள் அவள் பேனாவையே எடுத்து, அவளுடைய நேர்கோட்டின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு வைத்தேன். கொஞ்சம் தள்ளி, மறுபக்கம் இன்னொன்று. விளையாட்டுக்கு.

சாயங்காலம் நோட்டைப் புரட்டியவள், "என்னங்க, போடும்போது நேராத்தானே இருந்துச்சு?" என்றாள்.

ஒன்று சொல்லட்டுமா? நேர்கோடு யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நடுங்கிய கோடு போடத்தான் கை அசையாமல் நிற்க வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே, தோளிலிருந்து கையை நகர்த்தி, தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். உங்கள் பாடத்தில் அப்படியொரு பயிற்சி இல்லை. நான் நாலு மாதம், தினம் ஒரு பக்கம் செய்தேன். நடுக்கத்தைச் சிறுகச் சிறுகத்தான் கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டினால் இயற்கையாக இருக்காது.

கண்ணாடி மாற்றினாள். டாக்டரிடம் போனாள். ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவார். காகிதம் பொய் சொல்லுமா?" என்றேன்.

கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நடுங்குதா பாருங்க."

செதுக்கி வைத்த மாதிரி நின்றது. "லேசா. வயசாகுதில்ல, விடு" என்றேன்.

அதன்பிறகு ஒரு நாள் வார்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போடப் போனவள், போடாமலே பக்கத்திலிருந்த புது நர்ஸிடம் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பெண் மூன்று இடத்தில் குத்தினாளாம். குழந்தை கதறியதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு இவள் சாப்பிடவே இல்லை. அடுத்த வாரம் வேலையை விட்டாள். உங்கள் வகுப்பையும்.

இப்போது நிஜமாகவே நடுங்குகிறது. சிந்தாமல் இருக்க நான்தான் அரை டம்ளர் டீயாக ஊற்றிக் கொடுக்கிறேன். மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பதும் நான்தான். "நீங்க இல்லன்னா என் கதி என்ன?" என்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஆமாம், ஒவ்வொரு பக்கத்திலும் கை வைத்தது நான்தான். எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன். ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இப்படி ஒடிந்துபோய் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்படியொரு அதிர்ச்சியைக் கொடுக்க, கட்டினவனுக்கு மனசு வருமா?