மடியில் வந்த மூடி

பென்னாகரம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் ஓர் இரும்பு மூடியை மடியில் வைத்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"என் வெரல வெட்டுன பேண்ட்சா ரம்பத்தையே வாங்கிட்டனுங்க," என்றார், பக்கத்திலிருந்த பெரியவரிடம்.

"அதயா? ஏனுங்க?"

"ரத்தம் பாத்த மெஷினுன்னு யாரும் எடுக்கல. பட்டறை மொதலாளி சல்லிசா குடுத்துட்டாரு. வூட்டுலயே மணை, பொம்மன்னு ஏதாச்சும் செய்யலாம்."

"பயமா இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆயுத பூஜைக்குத் தொடைக்கறப்ப, ரம்பத்துல கை படாம மறைக்கற இந்த மூடியக் கழட்டுனோம். உள்ள வெச்ச பொட்டு மறைஞ்சிரும், மாட்ட வேணாமுன்னுட்டாரு மொதலாளி. மறுநா மெஷின ஓட்டுனதும் வெரல் போயிருச்சு."

பெரியவர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் எங்கீங்க?"

"பின்னால டெம்போல வருது. இத மட்டும் யார் கைலயும் குடுக்கலீங்க."